சொந்தக் குருதியிலிருந்து ஒரு மருந்து: கார்ல் ஜூனும் கார்-ரி சிகிச்சையும்

“ஒரே ஊசியில் இரத்தப் புற்றுநோய் இல்லாமல் போனது” என்ற தலைப்போடு ஒரு காணொளி அவ்வப்போது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும். ஓர் அமெரிக்கச் சிறுமி சிரித்துக்கொண்டு கையில் ஒரு பலகையோடு நிற்பாள். தனக்கு இத்தனை வருடங்களாகப் புற்றுநோய் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். சென்ற வருடம் கிளிநொச்சியில் ஒரு தாய் அதை எனக்குக் காட்டி, “தம்பி, இந்த ஊசி இப்ப இந்தியாவிலயும் இருக்காம். காணியை வித்தால் காசு காணுமோ?” என்று கேட்டார். அவருடைய மகனுக்கு வந்திருந்தது எலும்புப் புற்றுநோய்.

அந்தக் காணொளி பொய்யில்லை. அந்தச் சிறுமி உண்மை, அவள் பிழைத்ததும் உண்மை. ஆனால் அந்த ஊசி எலும்புப் புற்றுநோய்க்கான சிகிச்சை அல்ல. இதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு என்னால் எழும்பி வர முடியவில்லை. ஏன் அல்ல என்று கேட்டால் விளக்க வேண்டும். விளக்கப் போனால் அந்தச் சிகிச்சையை உருவாக்கிய மனிதர்களின் கதைக்குள் போக வேண்டும். அவர்களில் முதன்மையானவர் கார்ல் ஜூன்.

ஜூன் 1953இல் அமெரிக்காவில் பிறந்தவர். அவர் பாடசாலை முடித்த காலத்தில் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்களைக் குலுக்கல் முறையில் படைக்கு எடுத்தார்கள். குலுக்கலில் அவருக்கு விழுந்த இலக்கம் நல்லதல்ல. காலாட்படையோடு காட்டுக்குள் போவதிலும் பார்க்கப் பரவாயில்லை என்று கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கட்டாய ஆட்சேர்ப்பு ஓர் இளைஞனுடைய படிப்பின் திசையை எப்படி மாற்றும் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1975இல் அங்கிருந்து வெளியேறி, 1979இல் ஹூஸ்டனில் உள்ள பேலர் மருத்துவக் கல்லூரியில் வைத்தியரானார்.

கடற்படை அவரை 1983இல் சியாற்றில் நகரத்துக்கு அனுப்பியது. அங்கே டொனால் தோமஸ் என்ற வைத்தியர் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை வளர்த்தெடுத்துக்கொண்டிருந்தார் (அவருக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது). ஒரு கடற்படை வைத்தியர் என்பு மச்சை பற்றி ஏன் படிக்க வேண்டும்? காரணம் அணுகுண்டு. கதிர்வீச்சு முதலில் அழிப்பவற்றில் ஒன்று குருதியை உண்டாக்கும் மச்சை. ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு இந்தத் துறைக்கு ஆர்வமும் பணமும் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். அணு நீர்மூழ்கிகளை வைத்திருந்த கடற்படைக்கும் அந்தப் பயம் இருந்தது.

குருதிப் புற்றுநோயின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இது திரும்பத் திரும்ப வருகிறது. 1943 டிசம்பரில் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் குண்டுவீச்சுக்குள்ளான ஒரு கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. அதில் பாதிக்கப்பட்டவர்களின் வெண்குருதிக் கலங்கள் சரிந்துபோயிருந்ததை ஓர் இராணுவ வைத்தியர் கவனித்து எழுதினார். ஏற்கனவே யேல் பல்கலைக்கழகத்தில் அதே குடும்பத்து இரசாயனத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். இன்று நாம் ‘கீமோ’ என்று சொல்லும் சிகிச்சையின் தொடக்கங்களில் ஒன்று அது. மனிதர்களைக் கொல்லச் செய்த பொருளில் இருந்து மருந்து வந்தது என்று சிலர் இதை வியந்து எழுதுவார்கள். எனக்கு வியப்பு வருவதில்லை. அந்தத் துறைமுகத்தில் செத்தவர்களை யாரும் கேட்டுவிட்டு அந்த அறிவைப் பெறவில்லை.

சியாற்றிலில் ஜூன் பார்த்தது வேறொன்று. வேறு ஒருவருடைய மச்சையை லியுகேமியா நோயாளிக்குக் கொடுக்கும்போது, அதோடு சேர்ந்து போகும் நிர்ப்பீடனக் கலங்கள் நோயாளியின் புற்றுநோய்க் கலங்களையும் தாக்குகின்றன என்று அந்த நிலையத்தவர்கள் 1979இலேயே காட்டியிருந்தார்கள். தாக்குபவை முக்கியமாக ரி கலங்கள். ஆனால் அவை புற்றுநோயை மட்டும் தாக்குவதில்லை. நோயாளியின் தோல், குடல், ஈரல் எல்லாவற்றையும் அந்நியம் என்று நினைத்துக் குதறிவிடும். பலன் உண்டு, பிடி இல்லை.

ரி கலங்களைப் படைவீரர் என்று எழுதுவது மருத்துவக் கட்டுரைகளில் வழக்கம். எங்கள் வாசகருக்கு அந்த உவமை வேண்டாம் என்று நினைக்கிறேன். வீட்டு நாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியாள் வந்தால் குரைக்கும், கடிக்கும். வீட்டுக்காரர் எவ்வளவு பிந்தி வந்தாலும் வாலை ஆட்டும். புற்றுநோய்க் கலம் வெளியிலிருந்து வருவதல்ல. வீட்டில் பிறந்து கெட்டுப்போனது. நாய் அதைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. நாயிடம் பல்லும் பலமும் இருக்கின்றன, மோப்பம்தான் பிழைக்கிறது. அந்தக் குறிப்பிட்ட ஆளின் மணத்தை நாய்க்குப் பழக்கிவிட முடியுமானால்?

மணத்தைப் பழக்கும் வழியை முதலில் யோசித்துச் செய்தவர் ஜூன் அல்ல. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷார் என்பவர் 1989இல், பிறபொருளெதிரி ஒன்றின் அடையாளம் காணும் பகுதியை ரி கலத்தின் தூண்டும் பகுதியோடு ஒட்டிவைக்கலாம் என்று காட்டினார். இந்தக் கலப்பு வாங்கிக்குத்தான் பிறகு ‘கார்’ என்ற சுருக்கப்பெயர் வந்தது. நியூயோர்க்கில் மிஷேல் சடலேன் இதே பாதையில் வேலை செய்தார். ஜூன் குழு பிற்காலத்தில் பயன்படுத்திய வாங்கியின் அடிப்படை வடிவம் மெம்ஃபிஸ் நகரத்துச் சென் ஜூட் சிறுவர் வைத்தியசாலையில் டாரியோ கம்பானா செய்தது. அதன் உரிமை பற்றி இரு நிறுவனங்களுக்கும் இடையில் வழக்கு நடந்து 2015இல்தான் சமரசமானது. ‘கண்டுபிடித்தவர்’ என்று ஒரு பெயரை மட்டும் போட்டுவிடும் செய்திகளை நம்பாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் ஜூனின் பங்கு என்ன? ரி கலத்தை உடலுக்கு வெளியே நலமாக வளர்ப்பது. கேட்கச் சின்ன வேலை போலிருக்கும். சியாற்றிலில் இருந்து திரும்பி, வாஷிங்டனுக்கு அருகே பெதஸ்டாவில் உள்ள கடற்படை ஆய்வுகூடத்தில் அவர் பல வருடங்கள் செய்தது அதுதான். படைத்துறை ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க்கு முன்னுரிமை இல்லை, தொற்றுநோய்களுக்கே இடம். அப்போது எயிட்ஸ் பரவிக்கொண்டிருந்தது. எச்.ஐ.வி. அழிப்பதும் ரி கலங்களைத்தான். எனவே அந்த நோயாளிகளின் ரி கலங்களை எடுத்து, பெருக்கி, திரும்பக் கொடுக்க முடியுமா என்று புரூஸ் லெவின் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து முயன்றார். சின்னச் சின்னக் காந்த மணிகளில் இரண்டு வகைப் பிறபொருளெதிரிகளைப் பூசி ரி கலங்களோடு விட்டால், அவை தூண்டப்பட்டுப் பெருகுகின்றன என்று கண்டார்கள். அந்த மணி முறைதான் பிறகு கார்-ரி தயாரிப்பின் அத்திவாரமானது.

எச்.ஐ.வி. இன்னொரு விதத்திலும் உதவியது. ஒரு கலத்துக்குள் புதிய மரபணுவைக் கொண்டுபோய் வைக்க ஒரு வாகனம் வேண்டும். ரி கலத்துக்குள் நுழைவதில் எச்.ஐ.வி. வைரசைப் போலக் கெட்டித்தனமானது வேறு இல்லை. நோயை உண்டாக்கும், பெருகும் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு அதன் ஓட்டை மட்டும் வாகனமாகப் பயன்படுத்தினார்கள். இந்த வகை வாகனத்தை மனிதரில் முதன்முதலாகப் பரீட்சித்த ஆய்வு, ஜூன் குழு எச்.ஐ.வி. நோயாளிகளில் செய்ததுதான், முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அந்த வைரசின் பெயரைச் சொன்னாலே ஒதுங்கிப்போகும் எங்கள் ஊரில், அதன் ஓடு லியுகேமியாப் பிள்ளைகளின் கலங்களுக்கு மருந்தைச் சுமந்து போகிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

1999இல் ஜூன் கடற்படையை விட்டுப் பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மூன்று வருடங்களுக்கு முன்னர் அவருடைய மனைவிக்குச் சூலகப் புற்றுநோய் என்று தெரியவந்திருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். பகலில் ஆய்வுகூடத்தில் நிர்ப்பீடனம் பற்றி வேலை செய்பவர், அதை மனைவிக்குப் பயன்படுத்த முடியுமா என்று அலைந்தார். அவர் தேடிய ஒரு மருந்து அப்போது பரிசோதனைக் கட்டத்தில் இருந்தது, அது கிடைக்கவில்லை. 2001இல் மனைவி இறந்தார். அதற்குப் பிறகு அவர் புற்றுநோயில் முழுமையாக இறங்கினார்.

அவர் வந்த வருடமே அந்தப் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சிகிச்சைப் பரிசோதனை ஒன்றில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அமெரிக்கா முழுவதும் அந்தத் துறையே முடங்கியது. பணம் கொடுப்பவர்கள் ஒதுங்கினார்கள். ஜூனின் பரிசோதனைக்குக் கைகொடுத்தது, குடும்பத்தில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தம்பதி தொடங்கிய தொண்டு நிறுவனம். மூன்று பேருக்குச் சிகிச்சை கொடுத்ததோடு காசு முடிந்தது.

அந்த மூன்று பேரில் முதலாமவர் பில் லுட்விக், நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சிறைக்காவலர். நாட்பட்ட லியுகேமியா. 2010 கோடையில் அவருடைய சொந்த ரி கலங்கள், மணம் பழக்கப்பட்டு, அவருக்கே திரும்ப ஏற்றப்பட்டன. சில நாட்களில் கடும் காய்ச்சலும் நடுக்கமும். பிழைக்கமாட்டார் என்றே நினைத்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு மச்சையைச் சோதித்தால் புற்றுநோய்க் கலமே இல்லை. நம்பாமல் திரும்பவும் சோதித்தார்கள். மற்றவர் டக் ஓல்சன். அவருக்கும் அப்படியே. மூன்றாமவருக்கு ஓரளவு பலன். 2011 ஓகஸ்டில் வெளியான ஆய்வில், ஏற்றப்பட்ட ஒவ்வொரு கலமும் சராசரியாகக் குறைந்தது ஆயிரம் புற்றுநோய்க் கலங்களை அழித்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். உடலுக்குள் போய்ப் பெருகுகின்ற மருந்து இது. குளிசை போலக் கரைந்து முடிந்துவிடுவதில்லை.

இனிக் காணொளியில் வரும் சிறுமி. எமிலி வைட்ஹெட். ஐந்து வயதில் லியுகேமியா, வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு இரண்டு முறை நோய் திரும்பிவிட்டது. 2012 ஏப்ரலில் பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சையைப் பெற்ற முதல் பிள்ளை அவள். பெரியவர்களுக்கு வந்த காய்ச்சல் அவளுக்குப் பல மடங்காக வந்தது. குருதி அமுக்கம் விழுந்தது, நுரையீரல் இயங்கவில்லை, செயற்கைச் சுவாசத்தில் மயக்கத்தில் வைத்திருந்தார்கள். குருதியைச் சோதித்தபோது இன்ரர்லூக்கின்-6 என்ற பொருள் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடியிருந்தது தெரிந்தது. புற்றுநோய் வைத்தியர் ஒருவருக்கு அந்தப் பொருளைத் தடுக்கும் மருந்து சாதாரணமாக ஞாபகத்துக்கு வராது. ஆனால் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்தது. அந்த நோய்க்கான புதிய மருந்துகளை ஒரு தகப்பனாக அவர் தேடி வாசித்துவந்தார். ரொசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று எமிலியின் வைத்தியர் ஸ்டீபன் குரூப்பிடம் சொன்னார். கொடுத்தார்கள். சில மணித்தியாலங்களில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. எமிலி தன்னுடைய ஏழாவது பிறந்தநாளில் கண்விழித்தாள்.

அவள் இறந்திருந்தால் அந்தச் சிகிச்சையும் அவளோடு முடிந்திருக்கும் என்று ஜூனே பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். நடந்தது மறுபக்கம்: 2017 ஓகஸ்ட் 30இல் ‘கிம்ரியா’ என்ற பெயரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. அதே நாளில் ரொசிலிசுமாப்புக்கும் இந்தப் பக்கவிளைவுக்கான மருந்து என்ற அனுமதி கிடைத்தது.

எலும்புப் புற்றுநோய்க்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். எமிலிக்குப் பழக்கிய மணம் சீ.டி. 19 என்ற புரதம். அது பீ கலங்கள் என்ற ஒருவகை வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் இருக்கிறது. அவளுடைய லியுகேமியா பீ கலத்தில் இருந்து வந்தது. ஆனால் நல்ல பீ கலங்களிலும் அதே மணம்தான். பழக்கப்பட்ட ரி கலம் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அழிக்கிறது. பீ கலம் இல்லாமல் மனிதர் வாழலாம். தொற்றுகளுக்கு எதிராக நிர்ப்பீடனப் புரதத்தை வெளியிலிருந்து ஏற்றிச் சமாளிக்கலாம். இந்தச் சலுகை மற்ற உறுப்புகளுக்கு இல்லை. மார்பகம், குடல், எலும்பு ஆகியவற்றில் வரும் கட்டிகளின் மேற்பரப்பில் இருக்கும் பல அடையாளங்கள் நுரையீரலிலும் இதயத்திலும் கொஞ்சமாவது இருக்கும். 2010இல் வெளியான ஓர் அறிக்கை: குடல் புற்றுநோயாளி ஒருவருக்கு வேறொரு அடையாளத்தை இலக்காக வைத்துக் கார்-ரி கலங்கள் கொடுக்கப்பட்டன. அவருடைய நுரையீரல் கலங்களில் அந்த அடையாளம் சிறிதளவு இருந்தது. ஐந்து நாட்களில் அவர் இறந்தார். திண்மக் கட்டிக்குள் ரி கலம் நுழைவதும் நுழைந்து களைக்காமல் நிற்பதும் வேறு பிரச்சினைகள். ஜூன் குழு உட்படப் பலர் இன்றும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். பரிசோதனைகள் நடக்கின்றன, ஆனால் வெற்றிலை போடும் எங்கள் ஆட்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோய்க்கோ, பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கோ காசு கொடுத்து வாங்கக்கூடிய கார்-ரி சிகிச்சை இன்று இல்லை.

குருதிப் புற்றுநோயிலும் இது எல்லோரையும் காப்பாற்றுவதில்லை. வேறு வழியெல்லாம் தோற்ற 75 பிள்ளைகளும் இளைஞர்களும் கிம்ரியா பெற்ற பெரும் பரிசோதனையில், மூன்று மாதங்களுக்குள் 81 வீதமானோரின் நோய் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மிக நல்ல எண்தான். ஆனால் ஒரு வருட முடிவில், நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் இருந்தவர்கள் அரைவாசி அளவே. சிலரில் புற்றுநோய்க் கலம் தன் மணத்தையே கழற்றி எறிந்துவிடுகிறது. 2018இல் ஜூனின் பல்கலைக்கழகத்தில் இருந்தே ஒரு துயரமான அறிக்கை வந்தது: தயாரிப்பின்போது ஒரேயொரு லியுகேமியாக் கலத்துக்குள் தற்செயலாக அந்த மரபணு போய்ச் சேர்ந்து, அது தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு பெருகியதால் இருபது வயது நோயாளி ஒருவர் இறந்தார். தங்கள் தோல்வியை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள் என்பதை நான் மதிக்கிறேன். 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மிக அரிதாக இந்தச் சிகிச்சைக்குப் பின் ரி கலப் புற்றுநோய் வரக்கூடும் என்று பொதியில் எச்சரிக்கை சேர்க்க வைத்தது.

லுட்விக்கும் ஓல்சனும் பத்து வருடங்களுக்கு மேல் நோயின்றி இருந்ததையும், அவர்களுடைய குருதியில் அந்தக் கலங்கள் இன்னும் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்ததையும் 2022இல் ஆய்விதழில் எழுதினார்கள். லுட்விக் அதற்கு முன்பே, 2021இல், கொரோனாவில் இறந்துவிட்டார்.

அடுத்தது காசு. கிம்ரியா வந்தபோது அதன் விலை 475,000 அமெரிக்க டொலர். வைத்தியசாலைச் செலவு தனி. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய கலத்தையே எடுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, வாரக்கணக்கில் வளர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பது விலைக்கு ஒரு காரணம். முழுக் காரணமும் அதுதான் என்று நான் நம்பவில்லை. ஏனென்றால் மும்பாயில் ராகுல் புர்வாரும் அவருடைய சகாக்களும் ஐ.ஐ.டி.யிலும் டாட்டா நினைவு வைத்தியசாலையிலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 ஒக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றபோது, அதன் விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருந்தது. வாகனமும் வாங்கியும் அங்கேயே செய்ததால் அது முடிந்தது. அப்படியிருந்தும் இலங்கை ரூபாயில் ஒரு கோடிக்கு மேல். அந்த அனுமதியும் 15 வயதுக்கு மேற்பட்ட, பீ கல லியுகேமியா அல்லது லிம்போமா திரும்பி வந்த அல்லது மருந்துக்கு மசியாத நோயாளிகளுக்கே. இலங்கை அரச வைத்தியசாலைகளின் சிகிச்சைகளில் இது இன்னும் இல்லை.

காணொளியைப் பார்க்கிறவர்களுக்குத் தவறிப்போகும் ஒரு விடயம் இருக்கிறது. சிறுவர்களுக்கு வரும் சாதாரணப் பீ கல லியுகேமியாவில், வசதியான நாடுகளில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கார்-ரி தேவைப்படுவதேயில்லை. பழைய கீமோ மருந்துகளை, இரண்டு மூன்று வருடங்கள் அட்டவணை தவறாமல் கொடுத்து முடிப்பதுதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அட்டவணையைத் தவறவிட எத்தனை காரணங்கள். முல்லைத்தீவில் இருந்து மஹரகமவுக்கு இரவு பஸ், தகப்பனில்லாத வீட்டில் மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது, கொழும்பில் எங்கே தங்குவது, சிங்களத்தில் சொன்ன மருந்து நேரம் விளங்கியதா இல்லையா. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை வந்தது வடக்குக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் குருதிப் புற்றுநோய்க்கு மஹரகம போகும் குடும்பங்களை நான் இன்னும் சந்திக்கிறேன். ஒரு கோடி ரூபாய் ஊசியைப் பற்றிப் பேசும் அளவுக்கு, ஒரு தாயின் பஸ் காசைப் பற்றியும் தங்குமிடத்தைப் பற்றியும் எங்கள் அரசியல்வாதிகளோ புலம்பெயர் அமைப்புகளோ பேசினால் எத்தனையோ பிள்ளைகளின் சிகிச்சை நடுவில் நிற்காது.

காணியை விற்பதற்கு முன்னர் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை சில: நோயின் சரியான பெயர் என்ன, அது பீ கலத்தில் இருந்து வந்ததா, முதல் சிகிச்சை முடிந்துவிட்டதா, நோய் திரும்பியிருக்கிறதா. இவற்றுக்குப் பதில் தெரியாமல் இந்தியாவில் எந்த முகவருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம். அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைக்கூடத் தொலைத்தவர்கள் நாங்கள். கிளினிக் கொப்பியையும் மச்சைப் பரிசோதனை அறிக்கையையும் தொலைபேசியில் படமெடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அவற்றில் ‘புளோ சைற்றோமெற்றி’ என்று தலைப்பிட்ட ஒரு தாள் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கலத்தில் சீ.டி. 19 இருக்கிறதா இல்லையா என்பது அந்தத் தாளில்தான் எழுதியிருக்கும்.